வேஷத்துணிக்கடை ஹெலினா

புனேயின் ராணுவக் குடியிருப்புப் பகுதியான கேம்ப்பில், பெரிய கடைத்தெருவிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் ஹெலினா ஜேசுராஜின் கடை இருந்தது. நாடகத்துக்கும் பள்ளி விழாவுக்கும் வேஷத்துணி வாடகைக்குக் கொடுக்கும் கடை. ராஜா, மந்திரி, நர்ஸ், போலீஸ், தேவதை, புலி, கேரட், தக்காளி என்று கூரை வரைக்கும் தொங்கும். புனேயில் பிறந்த எந்தப் பிள்ளையும் ஒரு முறையாவது மராட்டா வீரனாக மேடையேறாமல் பள்ளியை முடிப்பதில்லை என்பதால் அந்த உடைகளுக்கு மட்டும் தனி அலமாரி.

ஹெலினாவின் அப்பா பாளையங்கோட்டையிலிருந்து ராணுவ அலுவலக வேலைக்கு வந்தவர். ஹெலினா கேம்ப்பிலேயே பிறந்து, கேம்ப்பிலேயே படித்து, அங்கேயே ஒரு பள்ளியில் தையல் ஆசிரியையாகச் சேர்ந்தார். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, சந்தையில் மராத்தி, பள்ளியில் ஆங்கிலம். நான்கிலும் சண்டை போடத் தெரியும்.

அந்தப் பள்ளியை விட்டு அவர் வெளியேறியது ஒரு தேவதையால். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு, ஆயா வேலை செய்த பெண்ணின் மகளுக்கு அளவெடுத்துத் தேவதை உடை தைத்திருந்தார். தலைமை ஆசிரியை பார்த்துவிட்டு, தேவதை கொஞ்சம் சிவப்பாக இருந்தால் மேடையில் எடுப்பாக இருக்கும், வேறு பிள்ளையைப் போடுங்கள் என்றார். "துணி தச்சப்ப அது யாரு நிறத்தையும் கேக்கலையே மேடம்" என்றார் ஹெலினா. சிரித்துக்கொண்டே சொன்ன பதில்தான். ஆனால் அந்த வாரமே வேலையை விட்டுவிட்டார். கணவர் ஜேசுராஜ் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. அவர் சம்பளத்தில் ஒரு பழைய தையல் மிஷின் வாங்கிக் கடை போட்டார்கள். முதலில் தொங்கியது ஒரு தேவதை உடை. வாடகைக்குக் கேட்டு வரும் அம்மாக்கள் தயங்கி, "என் பொண்ணு கொஞ்சம் கறுப்பு" என்றால், "இது கழுத்தளவு மட்டும்தான் பாக்கும், குடுங்க" என்பார்.

இரக்கமுள்ள பெண் என்று இதை வைத்து முடிவுகட்டிவிட வேண்டாம். வாடகைத் தொழிலில் போன துணி திரும்பி வருவதுதான் உயிர். ஒரு தொப்பி வராமல் போனாலும் ஹெலினா விடமாட்டார். ஒரு கல்லூரி விடுதிக்கே போய், கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கேரம் ஆடிக்கொண்டிருந்த ஒருவனிடமிருந்து அதைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார். கூடப் போனவர் காசிம். ஆம்பூர்க்காரர், கடையில் துணி வெட்டுபவர், ஹெலினாவின் வயதுதான். ஹெலினா ஆசிரியையாக இருந்த காலத்திலிருந்து அவரை 'டீச்சர்' என்றே கூப்பிடுவார். "டீச்சர், நல்லவேளை, அவன் கிரீடம் மட்டும்தான் போட்டிருந்தான். முழு டிரஸ்ஸும் போட்டிருந்தா நாம ராஜாவை அம்மணமா விட்டுட்டு வந்திருப்போம்" என்று அதை ஊரெல்லாம் சொன்னவர் அவர்தான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு டிசம்பர் மாதம், லோஹேகாவ் பக்கத்துப் பள்ளியிலிருந்து வைஜயந்தி என்ற ஆசிரியை கடைக்கு வந்தார். கணவர் விமானப்படையில். பள்ளி ஆண்டு விழாவை இந்த ஊரில் 'கேதரிங்' என்பார்கள். அதற்கு நாடகம் போடும் பொறுப்பு வைஜயந்தியுடையது.

"நாலு பசங்க ரெண்டாயிரத்து ஐநூறாம் வருஷத்துலேர்ந்து டைம் மெஷின்ல வர்றா, ஹெலினா மேம். மெஷின் ரிப்பேராகி எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஊர்ல இறங்கிடறது. அவா டிரஸ்ஸப் பாத்தா ஊர் சந்தேகப்படும் இல்லையா? அதனால ஒரு வியாபாரியோட கடைக்குள்ள பூந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கறா."

"எடுத்துக்கிறாங்கன்னா? காசு குடுத்தா?"

"இல்ல மேம், திருடிண்டுதான். அதுதான் காமெடி. வியாபாரி தொப்பையைத் தடவிண்டே தூங்கிண்டிருப்பார்."

"அப்புறம்?"

"அப்புறம் அரண்மனை, கத்திச் சண்டை, கடைசில மெஷின் சரியாகி எல்லாரும் பறந்து போயிடறா."

"நான் வியாபாரியக் கேட்டேன்."

வைஜயந்தி தன் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். "அவர் அந்த சீனோட முடிஞ்சார். மறுபடி வரமாட்டார்."

"அதெப்படி வராம போவான்? காலைல எழுந்து கடையத் தொறக்கணும்ல? துணி கேட்டு ஆள் வந்து நிப்பான்ல?"

துணி வெட்டிக்கொண்டிருந்த காசிம் தலை நிமிராமல் சொன்னார்: "அந்த வியாபாரிகிட்டயும் ஒரு காசிம் இருந்திருப்பான் டீச்சர். அவனப் புடிச்சு நாலு சாத்து சாத்தியிருப்பாங்க."

நாடகத்துக்கு எல்லா உடையும் ஹெலினாதான் தைத்தார். விழாவுக்கும் போனார். நாலு பசங்களும் வியாபாரியின் கடைக்குள் புகுந்து துணியை அள்ளியபோது அரங்கம் முழுக்க விசில் அடித்தது. ஹெலினா கை தட்டவில்லை என்பதை வைஜயந்தி பக்கவாட்டிலிருந்து கவனித்தார். கதையில் வருகிற பெரிய மனிதர்கள் எதிர்காலத்தைக் காப்பாற்றப் போகும்போது வழியில் யாருடைய சரக்கையாவது வாரிக்கொண்டு போவதும், அவன் கதி என்ன என்று யாரும் கேட்காததும் பழைய வழக்கம்தான். வரலாற்றுப் புத்தகங்களும் பெரும்பாலும் அப்படியே எழுதப்பட்டிருக்கின்றன.

அடுத்த ஆனி மாதம் பால்கி வந்தது.

ஆளந்தியிலிருந்தும் தேஹூவிலிருந்தும் இரண்டு பழங்காலத்துப் பக்திக் கவிஞர்களின் பாதுகைகளைப் பால்கி என்கிற பல்லக்கில் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான உழவர்கள் பண்டரிபுரத்துக்கு நடந்து போவார்கள். வழியில் புனேயில் இரண்டு இரவு தங்கல். வெள்ளை வேட்டி, வெள்ளை மேல்சட்டை, வெள்ளைத் தொப்பி. பெண்கள் ஒன்பது கஜச் சேலையில், தலையில் துளசிச் செடியுள்ள சிறு மாடத்தோடு. வார்க்கரிகள் என்று பெயர். அந்த நாட்களில் பள்ளிகளிலும் பிள்ளைகளுக்கு அதே உடையைப் போட்டுச் சின்ன ஊர்வலம் விடுவார்கள். கூட நடக்கும் ஆசிரியர்களுக்கும் அதே உடைதான். அதனால் ஹெலினாவின் கடையில் பெரிய அளவிலும் சிறிய அளவிலும் வார்க்கரி உடைகள் இஸ்திரி போட்டுத் தயாராக இருந்தன. கடைக்கண்ணாடிக்குள் ஒரு பொம்மைக்கும் போட்டு நிறுத்தியிருந்தார்.

பால்கி ஊருக்குள் வந்த மறுநாள் காலை காசிம் கடையைத் திறந்தபோது பின்பக்க ஜன்னல் கம்பி வளைந்திருந்தது. நான்கு பேருக்கான வார்க்கரி உடைகள் இல்லை. மூன்று ஆண், ஒரு பெண். ஒரு துளசி மாடம் இல்லை. காவிக்கொடி ஒன்றும் இல்லை. ஜரிகை அங்கி, வெல்வெட் கோட்டு, முத்து மாலை எதிலும் யாரும் கை வைக்கவில்லை.

"பக்தியுள்ள திருடனா இருக்கான் டீச்சர்" என்றார் காசிம்.

மூலையில் அவர்கள் கழற்றிப்போட்டுப் போன துணிகள் கிடந்தன. மூன்று அரைக்கால் டிரவுசர், ஒரு நைட்டி. எண்ணெய் ஊறி விறைத்து, கீழே வைத்தால் நிற்கும் போலிருந்தன. காசிம் ஒன்றை இரண்டு விரலால் தூக்கி முகர்ந்து பார்த்தார்.

"முறுக்கு வாசம் வருது."

"உனக்கு எப்பவும் திங்கிற நினப்புதான்" என்றார் ஹெலினா. அவருக்கு யோசிக்க முடியாத அளவு கோபம். நாளை மறுநாள் ஒரு பள்ளிக்குப் போகவேண்டிய உடைகள். காவல் சாவடிக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டார்கள். எல்லாரும் பால்கி பந்தோபஸ்தில் இருக்கிறார்கள், அது ஊரைத் தாண்டட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

மதியம் கடைக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், கையில் பெரிய தின்பண்டப் பொட்டலம். பெயர் கந்தசாமி. பவானி பேட்டையில் மரக்கடைகளுக்குப் பின்னால் கிடங்கு எடுத்து முறுக்கு, சேவு போட்டு புனே முழுக்க அனுப்புகிறவர்.

"தமிழ் ஆளுகளா? நல்லதாப் போச்சுக்கா. சாவடியில தெரிஞ்ச போலீசுக்காரரு சொன்னாரு, ஒங்க கடையில களவாண்டது என் பட்டறை ஆளுகதான். ஊர்ல எங்க பக்கத்துல இருந்து கூட்டிட்டு வந்தேன், ஆண்டிபட்டிப் பக்கம். முன்பணம் வாங்கிட்டு ஓடிப் போய்ட்டாய்ங்க. ஒங்க துணிக்கு உண்டான நட்டத்த நான் குடுத்துர்றேன். ஒரு ஒத்தாச மட்டும் பண்ணுங்க."

"என்ன?"

"டேசன்லயும் பஸ் ஸ்டாண்டுலயும் ஆள் போட்ருக்கேன். அங்கிட்டு வரல. இந்தச் சாமி கும்புடுற கூட்டத்துக்குள்ளதான் பூந்துருக்காய்ங்க. நாளைக் காலைல பால்கி கெளம்புதுல்ல, பூல்கேட் பக்கம் வந்து என்கூட நில்லுங்க. எனக்கு மொகம் தெரியும், ஆனா லட்சம் மொகத்துல எதப் பாக்குறது? ஒங்களுக்கு ஒங்க துணி தூரத்துலயே தெரியும்ல?"

தெரியும். ஹெலினா தன் ஒவ்வொரு துணியின் வலது தோளிலும் பச்சை நூலில் ஒரு சின்னப் பெருக்கல் குறி போடுவார். பள்ளிகளில் துணிகள் கலந்துபோகும்போது பிரித்தெடுக்க வாடகைக் கடைக்காரர்கள் எல்லாரும் செய்வது. தெரியாதவர் கண்ணில் அது படாது. அந்தக் குறியைப் பற்றி அவர் கந்தசாமியிடம் சொல்லவில்லை. "என் துணி எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

"அது போதும்க்கா. நானாப் போயி ரோட்டுல ஒருத்தனப் புடிச்சா ஏன்னு கேப்பாய்ங்க. கடைக்காரம்மா நீங்க 'சோர்', திருடன்னு ஒரே ஒரு சத்தம் குடுங்க. மத்தத சனம் பாத்துக்கிரும்."

மறுநாள் விடிந்ததும் ஹெலினா பூல்கேட்டில் போய் நின்றார். திருட்டுக் கொடுத்தவர், திருடனைப் பிடிக்கப் போனார். அதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

பால்கி வர நேரம் ஆனது. காத்திருக்கும்போது மனிதர்கள் பேசுவார்கள். ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியிடம் தொழில் பேசுவதுபோல் கந்தசாமி பேசினார். மழைக்காலத்தில் எண்ணெய் விலை, மராத்திக்காரனுக்குக் காரம் எவ்வளவு பிடிக்கும், ஆள் நிற்பதில்லை.

"எப்படித்தான் வச்சு சமாளிக்கிறீங்க?" என்று ஹெலினா பேச்சுக்குக் கேட்டார்.

"அதுக்கு ஒரு வழி இருக்குக்கா. வந்து எறங்குன அன்னைக்கே போட்டுருக்கிற துணிய வாங்கி டிரங்குப் பொட்டிக்குள்ள போட்டுப் பூட்டிருவேன். பட்டறைக்குள்ள அரை டவுசர்தான். அதப் போட்டுக்கிட்டு எங்கிட்டு ஓடுவான்? வெக்கம் புடிச்சு நிறுத்திரும். வருசக் கணக்கா யாரும் ஓடல. இப்பத்தான்." அவர் சிரித்தார். "பாத்தீங்களா, நீங்களும் துணி யாவாரம், நானும் துணி யாவாரம். நீங்க குடுத்துச் சம்பாரிக்கிறீங்க. நான் வாங்கி வச்சுக்கிட்டு சம்பாரிக்கிறேன்."

கடை மூலையில் விறைத்துக் கிடந்த டிரவுசர்களை ஹெலினா அப்போதுதான் உண்மையில் பார்த்தார் என்று பின்னால் வைஜயந்தியிடம் சொல்லியிருக்கிறார்.

காலத்தைத் தாண்டிப் போக எந்திரம் வேண்டும் என்று கதை எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள். நம் நாட்டில் ஒரு சுவர் போதும். சுவருக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் வகுப்பு விளம்பரம், செல்போன், ஹடப்ஸரில் கரும்பு வயல்களை அளந்து ஊர் எழுப்பத் திட்டம். அந்தப் பக்கம், மனிதனின் சட்டையைப் பறித்து வைத்துக்கொண்டால் மனிதனே சொந்தமாகிவிடுவான் என்ற பழைய நூற்றாண்டு. அந்த நூற்றாண்டிலிருந்து நான்கு பேர் கூரைத் தகட்டைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்திருந்தார்கள். இந்தக் காலத்தில் நடமாட அவர்களுக்கு ஒரு வேஷம் தேவைப்பட்டது.

பிறகு சாலை வெள்ளையானது.

ஹெலினா பிறந்ததிலிருந்து அந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்கிறார், போக்குவரத்து நிற்கும் நாளாக. பஸ் வராது, கஸ்டமர் வரமாட்டார். அவ்வளவுதான். இன்றைக்கு ஒவ்வொரு முகமாகப் பார்க்கவேண்டியிருந்தது. வெடித்த குதிகால்கள். விதைத்துவிட்டு வந்த கைகள். எண்பது வயதுக்கிழவி ஒருத்தி பையன்களை முந்திக்கொண்டு போனாள். தாளம் ஒரே அடியாக விழுந்தது. ஆயிரம் கை, ஒரு சத்தம். ஓரத்தில் செருப்புத் தைப்பவர் கூலி வாங்காமல் அறுந்த வாரை ஒட்டிக்கொடுத்தார். டை கட்டிய ஒருவர் தரையில் உட்கார்ந்து ஓர் உழவரின் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. எல்லாரும் எல்லாருக்கும் 'மாவுலி', அதாவது தாய். போலீஸ்காரர்கூட லத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "மாவுலி, ஓரமாப் போங்க மாவுலி" என்றுதான் கெஞ்சினார்.

கடவுள் உண்டா என்பது தனி வழக்கு. ஊர் திரும்பியதும் அவரவர் கிணறு, அவரவர் சுடுகாடு என்று இவர்களே பிரிந்து நிற்பார்கள் என்பதும் தெரிந்ததே. ஆனாலும் இத்தனை லட்சம் பேர் ஒருவரை ஒருவர் நீ யார் என்று கேட்காமல் நடக்க முடிகிறது என்பதை அந்தச் சாலை கண்முன்னே நிரூபித்துக்கொண்டிருந்தது. முடியும் என்றால் மீதி நாட்களில் ஏன் முடியவில்லை என்ற கேள்வியும் கூடவே நடந்து போனது.

அப்போது ஹெலினா பச்சை நூலைப் பார்த்தார்.

ஒரு பஜனைக் குழுவின் நடுவில், மூன்று ஆண்கள், ஒரு பெண். பெண்ணின் தலையில் துளசி மாடம். அதிலிருந்த பிளாஸ்டிக் துளசி ஹெலினா ஒட்டியது. கைகளை முழங்கை வரை சேலைக்குள் இழுத்து மறைத்திருந்தாள். அவர்கள் நன்றாகவே நடந்தார்கள். ஆனால் ஒரு தவறு செய்திருந்தார்கள். அந்த ஊர்வலத்தில் வேறு யாரும் செய்ய முடியாத தவறு. வார்க்கரிகள் நெற்றியில் மேலிருந்து கீழாகச் சந்தனம் இட்டு நடுவில் கறுப்புப் பொட்டு வைப்பார்கள். இவர்கள் தூரத்திலிருந்து வெள்ளையாக ஏதோ இருப்பதை மட்டும் பார்த்திருக்கிறார்கள். சாமி கும்பிடப் போகிறவன் நெற்றி எப்படி இருக்கும் என்று பழனிக்கு நடந்த கால்களுக்குத் தெரியும். பட்டறையின் அரிசி மாவை எடுத்துக் குறுக்கே மூன்று பட்டை போட்டிருந்தார்கள். வயதானவர் ஒருவர் உதட்டுக்குள் 'அரோகரா' என்றுகூடச் சொல்லிக்கொண்டு வந்தார்.

மராத்திக்காரர் யாருக்கும் அது உறுத்தாது. ஆண்டிபட்டிக்காரனுக்கு அந்தப் பட்டை இருட்டில்கூடத் தெரியும். கந்தசாமி இன்னும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். குழு பூல்கேட் முனையை நெருங்க ஐம்பது அடிகூட இல்லை.

'சோர்' என்று ஒரு சொல். அவருடைய துணி, அவருடைய உரிமை. சொல்லாமல் நின்றாலும் போதும், கந்தசாமியே பார்த்துவிடுவான். ஒன்றும் செய்யாமல் இருப்பதும் அந்த இடத்தில் காட்டிக்கொடுப்பதுதான்.

சாலையோரத்தில் ஒருவர் தட்டில் சந்தனக்குழம்பும் பித்தளை முத்திரையும் வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் நெற்றியிலெல்லாம் ஒற்றிக்கொண்டிருந்தார். பால்கி நாட்களில் அது ஒரு சேவை. ஹெலினா அவரிடம் போய் மராத்தியில், "மாவுலி, கொஞ்ச நேரம் நான் செய்யட்டுமா?" என்றார். அவர் யோசிக்கவே இல்லை. தட்டைக் கொடுத்துவிட்டார். கழுத்தில் சிலுவை தொங்கிய அந்தப் பெண் கூட்டத்துக்குள் இறங்கினார்.

முன்னால் போன வேறு இரண்டு பேருக்கு ஒற்றினார். மூன்றாவது அந்தப் பெண். ஹெலினா சேலைத் தலைப்பால் அவள் நெற்றியை அழுந்தத் துடைத்தார். அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"நிக்காத. நடந்துட்டே இரு. உங்க ஓனர் அந்த முனைல நிக்கிறான்."

தமிழைக் கேட்டதும் அவள் கண் நிரம்பியது. "அக்கா, எங்கள விட்ருங்க அக்கா."

"பட்டைய அழிக்கிறேன், பேசாம இரு. பேர் என்ன?"

"பவுனு."

"பவுனு, மாடத்தக் கொஞ்சம் முன்னால சாய்ச்சுப் புடி. முகம் மறையட்டும்." பிறகு மற்ற மூவரையும் வரிசையாகத் துடைத்து ஒற்றினார். வயதானவரிடம், "பெரியவரே, இங்க அரோகரா இல்ல. பல்லக்குல போற ரெண்டு பேர் பேருதான், க்யான்பா துகாராம். வரலைன்னா வாய மட்டும் அசைங்க."

அவர் மிகுந்த மரியாதையோடு வாயை மட்டும் அசைத்தார்.

மேடைக்கு அனுப்புமுன் பிள்ளைகளுக்குச் செய்வதை ஹெலினா அந்த நான்கு பேருக்கும் செய்தார். ஒருவனுக்குத் தொப்பியைச் சரித்து வைத்தார். ஒருவனுக்கு மேல்சட்டைக் கையை இறக்கிவிட்டார். உள்ளே எண்ணெய் தெறித்த தழும்புகள், பழையதும் புதியதுமாக. திருட்டுக் கொடுத்த கடைக்காரி, திருடர்கள் அரைகுறையாக விட்டுப்போன வேஷத்தை நடுச்சாலையில் முடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"யக்கா, கண்டுபுடிச்சிட்டீங்களா?"

கந்தசாமி ஓரமாகக் கூடவே ஓடிவந்துகொண்டிருந்தார். ஹெலினா திரும்பவில்லை. அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். எட்டிப் பார்த்தார். பவுனின் நடையைக் கண்டுகொண்டார். "சோர்! சோர்! இவங்கதான்! இந்தம்மா கடையில திருடுன துணி!" என்று இந்தியில் கத்திக்கொண்டு வரிசைக்குள் பாய்ந்தார்.

தாளம் நின்றது. ஒரு குழுவின் தாளம் நின்றால் பின்னால் வருகிற குழுக்களும் நிற்கும். அந்தச் சாலையில் அவ்வளவு அமைதியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எல்லார் கண்ணும் முதலில் நால்வர் மீது, பிறகு கந்தசாமியின் விரல் காட்டிய ஹெலினா மீது. வீணை ஏந்திய முதியவர் ஒருவர் குழுவின் தலைவர். அவர் அருகே வந்து கேட்டார்: "மாவுலி, துணி உன்னுடையதா?"

"கப்டே மாஜேச்" என்றார் ஹெலினா. துணி என்னுடையதுதான். கந்தசாமி தலையாட்டினார். "மீச் தில்லே." நானேதான் கொடுத்தேன்.

நேற்று எழுதிக் கொடுத்த புகார் ஒன்று காவல் சாவடியில் இருக்கிறது. பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியும். அவர் வாழ்க்கையில் துணி விஷயமாகச் சொன்ன ஒரே பொய் அதுதான்.

முதியவர் கந்தசாமியிடம் திரும்பினார். கோபமே இல்லாமல், "மாவுலி, வரிசையை உடைக்காதே. நடப்பதென்றால் நட. இல்லையென்றால் வழிவிடு" என்றார். தாளம் மறுபடி விழுந்தது. பின்னாலிருந்து நடந்து வந்த ஆயிரக்கணக்கான கால்கள் கந்தசாமியை அடிக்கவில்லை, திட்டவில்லை. அவர் இருந்த இடத்தை எடுத்துக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் அவர் எங்கோ ஓரத்தில் ஒரு வாழைப்பழ வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஹெலினா திரும்பிப் போகவில்லை. போனால் அவன் மறுபடி வருவான். ஐம்பதைத் தொடும் வயதில், கடைக்குப் போடும் மெல்லிய செருப்போடு, துகாராம் பால்கியின் பின்னால் ஹடப்ஸர் தாண்டி லோணி வரைக்கும் நடந்தார். வழியில் பவுன் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். பட்டறை மேல்சுவரில் ஒரு காற்றுத் துவாரம். அடுப்பிலிருந்து சட்டி மாற்றும்போது அது வழியாகப் பார்ப்பாளாம்.

"போன வருசமும் பாத்தேன்க்கா. ரெண்டு நாளு சனம் போய்க்கிட்டே இருந்துச்சு. ஒருத்தரும் ஒருத்தரப் பாத்து எங்க போறன்னு கேக்கல. இதுக்குள்ள போயிட்டா நம்மளையும் கேக்க மாட்டாகன்னு தோணுச்சு. இந்தத் தம்பி டெம்போவுல பொட்டலம் ஏத்திட்டுப் போகைல ஒங்க கடைப் பொம்மையப் பாத்துருக்கான்."

"உள்ள ராஜா டிரஸ், போலீஸ் டிரஸ் எல்லாம் இருந்துச்சே. போலீஸ எடுத்திருக்கலாம்ல?"

"போலீசும் ராசாவும் நடந்தா போவாக?" என்றாள் பவுன். மாடத்தைத் தலையில் சரிசெய்துகொண்டு, "களவாண்டது தப்புதான்க்கா" என்றாள்.

"தப்புதான்."

"டவுசரோட ரோட்டுல நிக்க முடியாதுல்ல."

"முடியாது" என்றார் ஹெலினா.

லோணி ஸ்டேஷனில் பாசஞ்சர் ரயில் நின்றது. தௌண்டில் மாறினால் சென்னை வண்டி. ரயிலேறும்போது பவுன் துளசி மாடத்தைத் திருப்பிக் கொடுத்தாள். உடைகளைக் கேட்கவேண்டும் என்று ஹெலினாவுக்குத் தோன்றவேயில்லை. பவுன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "உள்ள இன்னும் ஒம்பது பேரு இருக்காகக்கா" என்றாள். வண்டி நகர்ந்துவிட்டது.

அடுத்த நாள் காலில் கொப்புளங்களோடு ஹெலினா காவல் சாவடிக்குப் போனார். வைஜயந்தியையும் கூட்டிப்போனார், ஆங்கிலத்தில் ஒருவர் பேசினால் நாற்காலி கிடைக்கும் என்பது அவர் அனுபவம். புகாரைத் திரும்ப வாங்க வந்தீர்களா என்று கேட்டார் அங்கிருந்த அதிகாரி.

"இல்ல. மாத்தி எழுதணும். திருடு போனது நாலு பேர் துணி இல்ல. ஒம்பது பேர் துணி."

"எல்லாம் உங்க கடைத் துணியா?"

"போட்டிருந்தவங்க துணி. திருடினவன் கந்தசாமி. பவானி பேட்டையில ஒரு டிரங்குப் பெட்டிக்குள்ள பூட்டி வச்சிருக்கான்."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். இதை எந்தச் சட்டத்தில் எழுதுவது என்றார். கொத்தடிமை முறையை ஒழித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, அந்தச் சட்டத்தில் எழுதுங்கள் என்றார் வைஜயந்தி. அது கலெக்டர் அலுவலகம் பார்க்கவேண்டியது என்றார் அதிகாரி. சரி, அங்கிருந்தே ஆள் கூட்டிவருகிறோம் என்று இருவரும் கிளம்பினார்கள். ஒழிக்கப்பட்டதாக அரசாங்கம் அறிவித்த ஒன்று கண்ணெதிரே உயிரோடு இருக்கிறது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வைக்க மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் காசிம் பட்டறை எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, டெம்போவில் யாரையும் ஏற்றிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொண்டார். கந்தசாமி கைதானார், ஜாமீனில் வந்தார், வழக்கு முடியாமலே ஊரை விட்டுப் போனார். வேறு எங்கோ வேறு பெயரில் முறுக்குப் போடுகிறார் என்று கேள்வி. நம்ப முடியாதது ஒன்றும் அதில் இல்லை.

ஆனால் பட்டறைக் கதவு திறந்த அன்று அங்கே இருந்தவர்கள் அதை மறக்கவில்லை. அதிகாரிகள் டிரங்குப் பெட்டியை முற்றத்துக்கு இழுத்து வந்து பூட்டை உடைத்தார்கள். மடித்து வைக்காமல் திணித்திருந்த துணிகள். எண்ணெய்ப் புகை படிந்த உடம்போடு ஒன்பது பேர் சுவரோரம் நின்றார்கள். யார் துணி எது என்று அதிகாரி கேட்கவேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து, தயங்காமல் கைவிட்டு, தன்னுடையதை எடுத்தார்கள். ஒருவர் தன் சட்டைப் பையைத் தடவி, வந்த நாளின் பஸ் டிக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார். இருபத்தைந்து வருடம் மனிதர்களுக்கு உடை மாட்டிவிட்ட ஹெலினா அன்றைக்கு யாருக்கும் உதவவில்லை. சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பட்டன் போடுவது இவ்வளவு பெரிய காரியம் என்று தெரியாமலே இருந்துவிட்டேன் என்று காசிமிடம் சொன்னாராம்.

அவர்களில் இளையவனுக்குச் சட்டை போதவில்லை. ஊரிலிருந்து வந்தபோது போட்டிருந்தது. அதற்குள் தோள் விரிந்துவிட்டது. கை முழங்கைக்கு மேலேயே நின்றது. நெஞ்சில் பட்டனும் துளையும் ஒரு சாண் தள்ளி நின்றன.

"கழட்டுப்பா, கடையில இருந்து உன் அளவுக்கு ஒண்ணு கொண்டாறேன்" என்றார் காசிம்.

அவன் இரண்டு கையாலும் சட்டையின் இரண்டு ஓரங்களையும் பிடித்து நெஞ்சோடு இழுத்துக்கொண்டான்.

"வேணாம் பாய். இது என்னோடது."

அப்படியே, பட்டன் போடாமல், தெருவுக்குள் இறங்கி நடந்தான்.